கூனி சாகிறது, மீன் மேலே வந்து தவிக்கிறது: டெல்டா வீட்டுத் தொட்டிக்கான பிழை நீக்கம்

இது கடையில் வாங்கும் கோல்டு ஃபிஷ்ஷுக்கான குறிப்பு இல்லை. வாய்க்காலில் வெங்காயத்தாமரை வேரைப் பிடித்துத் தட்டில் உதறினால் கண்ணாடி மாதிரித் துள்ளி விழுமே கூனி என்னும் இறால் வகைச் சின்ன உயிர், அதற்கானது. அதோடு சேர்ந்து வாழும் அயிரை, கெண்டைக் குஞ்சு, தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன மேல்மட்டத்தில் நீந்தும் சின்ன மீன் இவற்றுக்குமானது. நான் இருப்பது திருவாரூர்ப் பக்கம், ஓடம்போக்கி ஆற்றுக்கு அருகே. என் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மணல் போட்டு மேலே கொஞ்சம் இடம் விட்டால் 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். கீழே வரும் அளவுகளை உங்கள் தொட்டிக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது செத்தால் கடைக்கு ஓடி ஒரு பாட்டில் மருந்து வாங்கி ஊற்றுவதுதான் எல்லாரும் செய்வது. நம் ஊர்த் தொட்டிகளில் நான் பார்த்த சாவுகளில் நோயால் வந்தவை கொஞ்சம்தான். தண்ணீராலும் வீட்டில் நாம் செய்யும் வேலைகளாலும் வந்தவையே அதிகம். அப்படியிருக்க, மீனுக்கென்று ஊற்றும் மருந்து மிச்சமிருக்கும் கூனியையும் கொன்றுவிடும். ஆகவே பாட்டிலைத் திறக்கும் முன் எது சாகிறது என்று பாருங்கள்.

கூனி மட்டும் சாகிறது, மீன் பசியோடு சுற்றுகிறது என்றால் செம்பு, பூச்சி மருந்து, சட்டை (மேலோடு) உரிப்பதில் கோளாறு இந்த மூன்றில் ஒன்றைச் சந்தேகியுங்கள். மீன் மட்டும் வாடி, கூனி வழக்கம்போல மேய்ந்தால் ஒட்டுண்ணி. இரண்டும் சேர்ந்து தவித்தால் மூச்சுக்காற்றுக் குறைவு, அம்மோனியா, குளோரின், வெயில். இதை வைத்துக்கொண்டு கீழே உங்களுக்குரிய இடத்துக்குப் போங்கள்.

காரணம் தெரியும்வரை செய்யக்கூடியது, பெரும்பாலும் கெடுதல் இல்லாதது இதுதான்: இரை போடுவதை நிறுத்துங்கள், ஏர் பம்பை முழுதாகத் திறந்துவிடுங்கள், கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு ஒருநாள் ஆறிய தண்ணீர் விடுங்கள். இதற்காகவே ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் 20 லிட்டர் எப்போதும் மூடாமல், மேலே கொசுவலைத் துணி கட்டி, தயாராக வைத்திருங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மீன் தவிக்கும்போது தண்ணீரை ஆறவைக்க நேரம் இருக்காது.

காலையில் பார்த்தால் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன

முதலில் அது தவிப்புதானா என்று பாருங்கள். வெள்ளிப் பொட்டு மீனுக்கு மேல்மட்டமே வீடு. அயிரை அவ்வப்போது விர்ரென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும், அது அதன் சுபாவம். பனையேறிக் கெண்டையும் குறவையும் வெளிக்காற்று இல்லாமல் இருக்கவே முடியாது. ஆனால் கெண்டைக் குஞ்சு வரிசையாக மேலே நின்று வாயசைத்தால், கூனியெல்லாம் பாசியின் நுனிக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் ஏறிவிட்டால், அது நிச்சயமாக ஆபத்து.

விடியற்காலையில் மட்டும் வந்து, வெயில் ஏறியதும் சரியாகிவிட்டால் மூச்சுக்காற்றுக் குறைவு. பகலில் பிராணவாயு தரும் வேலம்பாசியே இரவில் அதை எடுத்துக்கொள்ளும். பாசி அடர்த்தியாக இருந்து, பம்ப்பையும் சத்தத்துக்காக இரவில் அணைத்தால் இப்படித்தான் ஆகும். பம்ப்பை இரவில் அணைக்காதீர்கள். அணைத்தே ஆகவேண்டுமென்றால் பகலில் அணையுங்கள்.

சித்திரை, வைகாசியில் இது இன்னும் கடுமையாகும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்கூடத் தங்காது. அதே நேரம் சூட்டில் மீனுக்குத் தேவை கூடுகிறது. அக்னி நட்சத்திர நாட்களில் தகரக் கூரை வீட்டிலும் மாடி அறையிலும் தொட்டி 34 டிகிரியைத் தொட்டுவிடும். மீன் தாங்கினாலும் கூனி தாங்காது. தொட்டியைத் தரைத்தளத்தில் வடக்குச் சுவரோரம் வையுங்கள். ஒரு டேபிள் ஃபேனைத் தண்ணீர் மேற்பரப்பைத் தடவிப் போகும்படி திருப்பி வையுங்கள். ஆவியாவதால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தஞ்சாவூர்ப் பக்கம் நன்றாக இறங்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போலக் கடற்கரை ஈரக்காற்று வீசும் ஊர்களில் அவ்வளவு இறங்காது, அங்கே இடத்தை மாற்றுவதே வழி. ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். திடீர் குளிர்ச்சியும் கூனியைச் சாய்க்கும்.

ஃபேன் வைத்தால் தண்ணீர் குறையும். குறைந்ததை போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துவிடும், ஆவியாவது வெறும் தண்ணீர் மட்டும்தானே. கோடையில் நிரப்ப, ஐப்பசி மழையில் பிடித்து மூடிவைத்த மழைநீர் கொஞ்சம் இருந்தால் நல்லது.

பகலிலும் மேலேயே நின்று, செவுள் சிவந்து, மீன் வேகவேகமாக மூச்சுவிட்டால் அம்மோனியாவைப் பாருங்கள். தொட்டி வைத்து ஆறு வாரம் ஆகவில்லையென்றால் பெரும்பாலும் அதுவேதான். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். அதற்குள் தொட்டியை நிரப்பினால் மீன் தன் கழிவிலேயே மூழ்குகிறது. டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்கவேண்டும். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், இரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை போதும். நம் போர் தண்ணீர் பல இடங்களில் காரத்தன்மை உள்ளது. காரமும் சூடும் கூடினால் அதே அளவு அம்மோனியா இன்னும் கொடிய விஷமாகும் என்பதை மறக்காதீர்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் துணி மாதிரிப் பிழிந்து கழுவுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் குடியேறிய நுண்ணுயிரெல்லாம் போய், பழைய தொட்டியும் புதுத் தொட்டியாகிவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும்.

தண்ணீர் மாற்றிய ஒரு மணி நேரத்துக்குள் இது நடந்தால் குளோரின். கூட்டுக்குடிநீரிலும், மொட்டைமாடித் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட வாரத்திலும் வரும். ஒருநாள் திறந்து வைத்து ஏர் ஸ்டோன் ஓடவிட்டால் குளோரின் பறந்துவிடும், அவசரத்துக்கு மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு. போர் தண்ணீருக்கு வேறு தொல்லை: அது ஆழத்திலிருந்து வரும்போது பிராணவாயு ஏறக்குறைய இல்லாமலும் கரியமிலவாயு நிறைந்தும் வரும். சில ஊர்களில் இரும்பும் கலந்து, ஒருநாள் வைத்தால் அடியில் செங்காவி படியும். அதையும் உயரத்திலிருந்து டிரம்மில் விழவிட்டு, ஒருநாள் வைத்து, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள்.

கரண்ட் போனால்? 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் அடித்த பிறகு எங்கள் தெருவில் இரண்டு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீரையே மொண்டு அரையடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினோம். காலை, மதியம், ராத்திரி ஐம்பது ஐம்பது தடவை. வீட்டில் எல்லாரும் முறைபோட்டுச் செய்தார்கள். இரை அறவே போடவில்லை. பாதி மீனை முன்வாசல் சிமென்ட் தொட்டிக்கு மாற்றினேன். கூனி பிழைத்தது. நீண்ட நேரம் கழித்துக் கரண்ட் வந்தால், ஃபில்டரை அப்படியே ஓடவிடாதீர்கள். நின்ற ஸ்பாஞ்சுக்குள் அழுகியது எல்லாம் தொட்டிக்குள் வந்து விழும். அலசிவிட்டுப் போடுங்கள்.

கூனி மட்டும் சாகிறது, மீனுக்கு ஒன்றும் இல்லை

இதில்தான் நான் அதிகம் இழந்தேன். ஒரு கோடையில் நாளுக்கு ஐந்தாறாக, பத்து நாளில் அறுபது கூனி. உடம்பு வெளுத்து, வேகவைத்த இறால் மாதிரி இளஞ்சிவப்பாகி, மல்லாந்து கிடந்தன. மீனெல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. நான் வேலைக்குப் போகும் நாட்களில் அத்தைதான் தண்ணீர் விடுவார். எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பூஜை அறைச் செப்புக் குடத்தைக் காட்டினார். "செப்புக்கொடத்துத் தண்ணி ஒடம்புக்கு நல்லதுதானேப்பா, மீனுக்கு மட்டும் ஆகாதா?" அவர் அன்பாகத்தான் செய்தார். மனிதருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை குடிநீரில் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கூனிக்கு அதில் பத்தில் ஒரு பங்கே ஆபத்து. செம்புக் குடம், ஈயம் பூசாத பித்தளை அண்டா, தவலை எதிலும் தொட்டித் தண்ணீரை வைக்கக்கூடாது.

செம்பு வேறு வழிகளிலும் வரும். வெள்ளைப் புள்ளி மருந்து, நத்தை ஒழிக்கும் மருந்து பலவற்றில் மயில்துத்தம் இருக்கும், அது செம்பு உப்புதான். கொடிக்காலுக்கோ தென்னைக்கோ போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த மருந்து) கலக்கிய வாளியை எத்தனை முறை கழுவினாலும் தொட்டிக்கு எடுக்காதீர்கள். தொட்டிக்கென்று ஒரு வாளி, ஒரு டம்ளர், ஒரு குழாய் தனியாக வையுங்கள். செம்பு உள்ளே போய்விட்டது என்று தெரிந்தால் அரைப் பங்கு, மறுநாள் அரைப் பங்கு என்று மாற்றுங்கள். மருந்து ஊற்றிய பழைய மணலில் செம்பு ஒட்டியிருக்கும், அந்த மணலைக் கூனிக்கு மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

அடுத்தது கொசு. டெல்டாவில் கொசு இல்லாத வீடு ஏது? சுருள், பிளக்கில் செருகும் திரவம், ஸ்பிரே எல்லாவற்றிலும் இருப்பது பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து. கூனிக்கும் பூச்சிக்கும் உடலமைப்பில் உறவு நெருக்கம், அதனால் மனிதருக்கு உறைக்காத அளவே கூனியை வீழ்த்தும். இதில் ஏர் பம்ப் செய்வதைக் கவனியுங்கள்: அறைக் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. சாயங்காலம் சுருள் கொளுத்திய அறையில் காலையில் கூனி சுற்றிச் சுற்றி நீந்தி, பக்கவாட்டில் விழுந்து, கால் மட்டும் துடித்தால் காரணம் இதுதான். உடனே அரைப் பங்கு தண்ணீர் மாற்றி, ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு கைப்பிடி வையுங்கள். பிறகு அந்த அறையில் கொசு வலையோ கொசு பேட்டோ மட்டும். தெருவில் புகை அடிக்க வரும்போது ஜன்னலைச் சாத்தி, பம்ப்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, புகை கலைந்தபின் திறவுங்கள். போகிக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் நாட்களிலும் இதே ஏற்பாடு.

கடைக் கீரையிலும் மருந்து இருக்கும். கூனிக்குக் கீரை போடுவதானால் கொல்லை முருங்கை இலையை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துப் போடுங்கள். மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

பிடித்து வந்து விட்ட மறுநாளே செத்துவிட்டன

எங்கே, எப்போது பிடித்தீர்கள் என்பதில்தான் விடை. மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. முதலில் வரும் தண்ணீர் கோடை முழுவதும் வாய்க்காலில் கிடந்த குப்பையை எல்லாம் அடித்துக்கொண்டு வரும். அதில் பிடிக்காதீர்கள். ஆடிப்பெருக்கு கழிந்து, தண்ணீர் தெளிந்து ஓடும்போது பிடிக்கலாம். சம்பா வயலுக்குக் களைக்கொல்லியோ பூச்சி மருந்தோ அடித்த நாட்களில் வடிகால் பக்கமே போகவேண்டாம். பாசன வாய்க்காலில், மதகுக்கு மேல்பக்கம் பிடியுங்கள். ஜனவரி 28 வாக்கில் தண்ணீர் நின்றதும் வாய்க்காலில் அங்கங்கே குழியில் தேங்கும். அந்தக் குழிகள் வற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் கொக்குக்கும் வெயிலுக்கும் போகும். நான் பெரும்பாலும் அங்கிருந்துதான் எடுக்கிறேன், அப்படி எடுப்பதில் மனதுக்கும் நிறைவு. கோயில் குளத்தில் கை வைக்காதீர்கள்.

பிடித்த இடம் சரியென்றால் விட்ட விதம் தவறு. வாய்க்கால் தண்ணீரிலிருந்து போர் தண்ணீருக்குச் சட்டென்று மாறினால் கூனி தாங்காது. பிடித்த தண்ணீரோடு ஒரு பேசினில் வைத்து, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீர் நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி விடுங்கள். பேசினில் தண்ணீர் மூன்று மடங்காகும்வரை பொறுங்கள். அப்புறம் வலையால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள், பேசின் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுங்கள்.

சட்டை உரிக்கும்போது சாகிறது

தொட்டியடியில் கண்ணாடி போல ஒன்று கிடந்தால் அது கூனியின் பிணம் என்று பதறவேண்டாம். உள்ளே வெறுமையாக, கழுத்துக்குப் பின்னால் பிளந்து, நிறமில்லாமல் இருந்தால் அது சட்டை. அதை எடுக்காதீர்கள், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்துக்காகக் கூனியே தின்றுவிடும். பிணமானால் வெளுத்துச் சதைப்பற்றோடு இருக்கும்.

தலைக்கும் உடலுக்கும் இடையில் வெள்ளை வளையம் விழுந்து, பாதி உரித்தபடி செத்துக் கிடந்தால்தான் கோளாறு. ஒன்று, மழைநீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ மட்டும் விட்டதால் சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கும். இல்லையென்றால் ஒரே தடவையில் நிறையத் தண்ணீர் மாற்றியதால் நேரத்துக்கு முன்பே உரித்திருக்கும். முதலாவதற்கு நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை (கணவாய் ஓடு) கேட்டு வாங்கி, கட்டைவிரல் அளவுத் துண்டைப் போடுங்கள். முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து, உள்தோலை உரித்துப் பொடித்துப் போட்டாலும் சரி. இரண்டாவதற்கு, ஆபத்து எதுவும் இல்லாத நாட்களில் வாரம் ஒருமுறை ஐந்து லிட்டருக்கு மேல் மாற்றாதீர்கள்.

எண்ணிக்கை குறைகிறது, பிணம் எதுவும் இல்லை

உரித்த கூனி இரண்டு நாள் மறைந்திருக்கும், அதனால் ஒரு வாரம் பொறுத்து எண்ணுங்கள். உண்மையில் குறைந்தால் உள்ளே ஏதோ ஒன்று தின்கிறது. பாசியோடு வரும் தட்டான் குஞ்சுதான் முதல் திருடன். ஆறு கால், தட்டையான முகம், மணல் நிறம். இரவில் டார்ச் அடித்துத் தேடுங்கள். பாசியை ஒரு வாரம் தனி வாளியில் வைத்து, தினமும் உதறி, பிறகு தொட்டியில் போட்டால் இது வராது.

கூனி என்று நினைத்துப் பிடித்ததில் ஆற்று இறால் குஞ்சும் கலந்திருக்கும். உடம்பைவிட நீளமாக இரண்டு கொடுக்குக் கை வளர்ந்தால் அது இறால், தூங்கும் மீனைப் பிடித்துத் தின்னும். கெண்டைக் குஞ்சு என்று கொண்டுவந்ததில் முதுகுத் துடுப்பில் கரும்பொட்டு இருந்து, மற்றதை விரட்டினால் அது ஜிலேபிக் குஞ்சு. கெளுத்தியும் குறவையும் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கூனித் தொட்டிக்கு ஆகாது. வால் துடுப்பெல்லாம் கந்தலாகிக்கொண்டே வந்தால், கொசு ஒழிப்புக்காகக் குளங்களில் விட்ட கம்பூசியா உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஜிலேபியையும் கம்பூசியாவையும் திரும்ப வாய்க்காலில் விடாதீர்கள், இரண்டுமே நம் மண்ணின் மீன் இல்லை.

மீனே காணாமல் போனால் தொட்டிக்குப் பின்னால் தரையைப் பாருங்கள். வெள்ளிப் பொட்டு மீன் துள்ளுவதில் கெட்டிக்காரன். கொசுவலைத் துணியால் மூடுங்கள்.

தண்ணீர் நிறம் மாறிவிட்டது

பால் போல வெளுத்தால் இரை அதிகம். மூன்று நாள் இரையை நிறுத்துங்கள், தானாகத் தெளியும். பச்சையானால் வெயில் நேராகப் படுகிறது, இடத்தை மாற்றுங்கள். டீத்தண்ணீர் நிறமானால் சருகின் சாயம். நாட்டு வாதுமைச் சருகு போட்டால் அப்படித்தான் ஆகும், கூனிக்கு அது பிடித்தமானது, விட்டுவிடுங்கள்.

மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி, நூல், பொட்டு

ரவையைத் தூவியது போலப் புள்ளி வந்து, மீன் கல்லில் உரசிக்கொண்டால் வெள்ளைப் புள்ளி நோய். மழைக்காலத்திலும் மார்கழிக் குளிரிலும் வரும். கூனியை இடம் மாற்றவேண்டாம், மீனை எல்லாம் 20 லிட்டர் டப்புக்கு மாற்றுங்கள். அந்த ஒட்டுண்ணி மீன் இல்லாமல் வாழாது, இரண்டு வாரம் மீனில்லாத தொட்டியில் அது தானாக அழியும். டப்பில் முதல்நாள் 20 கிராம் கல்லுப்பு, மறுநாள் இன்னொரு 20 கிராம் கரைத்து விடுங்கள். அயிரையின் செதில் மிக நுண்மையானது என்பதால் ஒரேயடியாகப் போடக்கூடாது. தினமும் கால் பங்கு மாற்றும்போது அதே விகிதத்தில் உப்பு சேருங்கள்.

உடம்பிலிருந்து நூல் தொங்கினால் நங்கூரப் புழு. தட்டையான கண்ணாடிப் பொட்டு ஒட்டி நகர்ந்தால் மீன் பேன். இரண்டும் குளத்து மீனோடு வருபவை. ஈரத்துணியில் மீனைப் பிடித்து, இடுக்கியால் அடியோடு இழுத்தெடுங்கள். புதிதாகப் பிடித்த மீனை மூன்று வாரம் தனி டப்பில் வைத்துப் பார்த்த பிறகே தொட்டியில் விட்டால் இந்த வேலையே வராது.

வயிற்றடியில் முட்டை சுமக்கிறது, குஞ்சு மட்டும் வரவில்லை

பச்சையாகவோ பழுப்பாகவோ கொத்தாக முட்டையைச் சுமந்து, கால்களால் விசிறிக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் காலியாகிவிடும். அப்போது நுண்ணிய கூனிகளாகவே வெளிவந்தால் அந்த இனம் தொட்டியிலேயே பெருகும். ஃபில்டர் வாயில் ஸ்பாஞ்ச் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தூசி போல மிதந்து, சில நாளில் ஒன்றும் இல்லாமல் போனால், அவை உப்பு கலந்த நீரில் வளர்ந்து ஆற்றுக்குத் திரும்பும் இனமாக இருக்கலாம். ஆற்று இறாலும் அப்படித்தான், அதன் குஞ்சு முகத்துவாரத்து நீரில் வளர்ந்துதான் மேலே ஏறும். வீட்டுத் தொட்டியில் அதற்கு வழி இல்லை. அப்படிப்பட்ட தாய்க் கூனி முட்டையோடு இருப்பதைப் பார்த்தால், ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதமாகவும் தொட்டியில் மருந்து எதுவும் ஊற்றாமலும் இருந்தால், பிடித்த அதே வாய்க்காலுக்கு எடுத்துப்போய் விட்டுவிடுகிறேன்.